இருநூற்றைம்பது கிராம்

ஆகஸ்ட் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது.
கருங்கடல் ஓரம், புலன்ஜாக் கடைவீதியில்
தார்ப்பாய் போர்த்திய டிராக்டர்கள் பத்தோ பன்னிரண்டோ,
எல்லாவற்றிலும் ஹேசல்நட் மூட்டைகள்.

நான் உடைப்பவள்.
இருநூற்றைம்பது கிராம் எடுத்து நிறுத்து
இடுக்கியில் வைத்து ஒவ்வொன்றாய் உடைத்து
சொத்தை, சூம்பல், பூசணம் பிடித்தது விலக்கி
மிஞ்சிய பருப்பை மறுபடி நிறுக்க வேண்டும்.
நூற்றிருபத்தைந்து நின்றால் முழு விலை.
முள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால்
ஒரு வருஷத்து வெயிலும் கூடவே சாயும்.

பானைக்கு ஒரு சோறு பதம் என்று
சொல்லிவிடலாம் சுலபமாய்.
அந்தச் சோற்றை நசுக்குகிற விரலாய்
ஒரு நாள் இருந்து பாருங்கள்.

போன வருஷம் சத்தில்மிஷ்
என் மேசையைக் குத்தினார்.
'ஏய், உன் விரலில்
முதலாளியின் காந்தம் இருக்கிறது' என்றார்.
நானும் சும்மா இல்லை.
'உங்கள் மூட்டை கிணற்றிலிருந்து
நேரே வருகிறதோ' என்றேன்.
தராசுத் தட்டு அதிர்ந்து நிற்க
வெகுநேரம் ஆனது.

பிறகு ஒரு முழு வருஷம்.
மருந்துக்கடை பெஞ்சில் ஒருமுறை
பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது.
அவர் காலண்டரைப் பார்த்தார்,
நான் என் குடையைப் பார்த்தேன்.

இன்று வரிசையில் நாலாவது ஆள்.
இறங்கி, செருப்புச் சேற்றைக் கல்லில் தேய்த்துவிட்டு
உள்ளே வந்தார்.
'நெபஹத் ஹனும்' என்றார்.
ஹனும்.
இடுக்கியைக் கீழே வைத்தேன்.
'வாருங்கள் சத்தில்மிஷ் பே.'
அவர் பெயருக்கு அர்த்தம் விற்கப்பட்டவன்.
அதைச் சொல்லிச் சிரிக்க
இந்தத் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை.
நான் சிரித்ததில்லை. அதையாவது
என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

முதல் மூட்டையின் வாயில் கை விட்டேன்.
'மேலே வேண்டாம்' என்றார்.
தானே ஏழாவது மூட்டையை இழுத்து
அவிழ்த்து, தலைகீழாய்ச் சாய்த்தார்.
அடியிலிருந்து உருண்டவை கறுத்திருந்தன.
'களத்தில் மூடுவதற்குள் பெய்துவிட்டது.
இதிலும் எட்டாவதிலும்தான் மழை இருக்கிறது.'

வெளியே யாரோ 'பைத்தியக்காரன்' என்றார்கள்.
கல்லாவில் ரஃபெத் பேயின் பேனா நின்றது.

'அப்படியானால்
இந்த இரண்டும் தனிச் சீட்டு,
மற்ற ஒன்பதும் தனிச் சீட்டு' என்றேன்.
இரண்டு முறை உடைக்க வேண்டும்.
முதலாளி இருமினார்.
வரிசை நீள்கிறது என்று அதற்கு அர்த்தம்.
இருமலுக்குத் தேநீர் சொல்லி அனுப்பினேன்.

ஈரத்தில் நூற்றொன்பது.
காய்ந்ததில் நூற்றிருபத்தாறு.
முள் நின்ற பிறகும்
இருவரும் குனிந்தே இருந்தோம்,
அவர் மூச்சில் புகையிலை.

உடைத்த பருப்பு கடைக்குச் சேரும்.
அது இங்கே வழக்கம், யாரும் கேட்பதில்லை.
ஒரு டிராயர் நிறையும், மாலையில் காலியாகும்.
இன்று அந்த நூற்றிருபத்தாறையும்
செய்தித்தாளில் பொட்டலம் மடித்து நீட்டினேன்.
அவர் வாங்கி, எடை பார்ப்பவர்போல் உள்ளங்கையில் ஆட்டி,
பாதியை என் மேசையில் கொட்டினார்.
'உடைத்த கைக்கு.'
நகக்கண்ணெல்லாம் ஓட்டுத் தூள் எனக்கு.
ஒன்றை மட்டும் எடுத்து மென்றேன்.
நல்ல பருப்புதான்.

பிறகு சீட்டைத் திருப்பிப் போட்டு
பென்சிலால் என் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்,
மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை.
பார்க்கட்டும்.
மரியாதை என்றால் கண்ணை மூடி நம்புவது என்று
யார் சொன்னது?

உடைந்த ஓடுகளையும்
கோணியில் அள்ளிக் கொடுத்தேன், அடுப்புக்கு ஆகும்.
டிராக்டர் புகைவிட்டுத் திரும்பியது.

அடுத்த ஆள் உள்ளே வந்தார்.
முகம் தெரியாதவர், மழையில் நனைந்தவர்.
'ஏய்' என்றார்.

இடுக்கியைத் துடைத்துக்கொண்டு
'சொல்லுங்கள்' என்றேன்.